மைக்கை நீங்கள் ஏன் அணைக்க வேண்டும்?

போன இதழில் ஒரு வாசகர், ஆன்லைன் விளையாட்டு சாட்டில் தன்னைக் கேவலமாகத் திட்டுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். "கண்டுகொள்ளாதீர்கள்" என்று நாலு வரியில் முடித்திருந்தேன். அது போதாத பதில் என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரியாகத்தான் சொல்கிறீர்கள். திட்டு வாங்கியவரிடமே பொறுத்துக்கொள்ளும் வேலையையும் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் எதற்கு இருக்கிறோம்? அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான்.

ரேங்க் மேட்சில் ஆரம்பத்திலேயே ஒருமுறை செத்துவிட்டேன். அதிலிருந்து மேட்ச் முடியும்வரை என் டீமில் இருந்த ஒருவன் என் அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டே இருந்தான். பொறுக்க முடியாமல் நானும் திட்டினேன். கடைசியில் எனக்கு மூன்று நாள் சாட் தடை. ம்யூட் பண்ணியிருக்கலாமே என்கிறார்கள். அது பயந்து ஓடுவது மாதிரி இல்லையா? — 19 வயது வாசகர்

தம்பி, அம்மாவைப் பேசினால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும், உங்களுக்குக் கொதித்ததில் தப்பே இல்லை. ஆனால் தடை போடும் அமைப்பு யார் ஆரம்பித்தது என்று விசாரிப்பதில்லை, நீங்கள் டைப் செய்த வரிகளில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அவன் வரிகளுக்கு அவன் பதில் சொல்ல வேண்டும், உங்கள் வரிகளுக்கு நீங்கள்.

ம்யூட் செய்வது ஓடுவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அவன் எதற்காக டைப் செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் படிக்க வேண்டும், பதறிப் பதில் போட வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டும். நீங்கள் பதில் அடிக்கும் அந்தப் பத்து நொடி உங்கள் ஆள் மைதானத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கிறான், எதிர் டீம் வந்து அடித்துவிட்டுப் போகிறது, உடனே அவனுக்குத் திட்ட இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது. அந்த மேட்சின் ரீப்ளே இருந்தால் போட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

முதல் கெட்ட வரியிலேயே ம்யூட் செய்யுங்கள், ஐந்தாவது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்கோர்போர்டைத் திறந்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் பெயருக்குப் பக்கத்திலேயே அதற்கான குறி இருக்கும். எங்கே இருக்கிறது என்று மேட்சுக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடி விழும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. டெக்ஸ்ட், வாய்ஸ், பிங் (பேசாமலே ஓர் இடத்தைக் குறித்துக் காட்டும் சைகை) மூன்றையும் தனித்தனியாக அணைக்க விடும் விளையாட்டுகள் உண்டு. அப்படி இருந்தால் பிங்கை மட்டும் விட்டுவையுங்கள், எதிரி எங்கே இருக்கிறான் என்ற தகவல் வந்துகொண்டிருக்கும். அப்புறம் "உன்னை ம்யூட் பண்ணிட்டேன்" என்று அறிவிக்காதீர்கள். அதுவும் ஒரு பதில்தான், அதற்காகவே அவன் காத்திருப்பான். உங்களுக்குத் தடை விழுந்துவிட்டது என்பதற்காக அவனை ரிப்போர்ட் செய்யாமல் விடவும் வேண்டாம்.

ரிப்போர்ட் அடித்து என்ன பயன்? நானும் வருடக்கணக்கில் அடிக்கிறேன், ஒன்றும் நடந்த மாதிரி தெரியவில்லை. — ஒரு பழைய ஆட்டக்காரர்

உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம். பல நிறுவனங்கள் யாருக்கு என்ன தண்டனை கொடுத்தோம் என்று புகார் கொடுத்தவருக்குச் சொல்வதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு வரியாவது சொல்ல வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டுகள் சேர்ந்து சேர்ந்துதான் வேலை செய்கின்றன. கவுண்டர்-ஸ்டிரைக்கில் 2020 பிப்ரவரியில் ஒரு மாற்றம் வந்தது. மற்றவர்களைவிட மிக அதிகமாக வசைப் புகார் வாங்குகிறவருக்கு முதலில் எச்சரிக்கை போகும், திருந்தாவிட்டால் அவர் எந்த மேட்சுக்குப் போனாலும் ஏற்கெனவே ம்யூட் ஆனவராகத்தான் போவார், வேண்டுமென்றால் மற்றவர்கள் அவரைத் திறந்துவிட்டுக் கேட்கலாம். அந்த எண்ணிக்கையில் உங்கள் ஒரு கிளிக்கும் சேர்ந்திருக்கும்.

வாய்ஸில் திட்டினால் ஆதாரம் காற்றில் போய்விடும் என்ற காலமும் மாறிவருகிறது. எக்ஸ்பாக்ஸில் 2023-லிருந்து கடைசி 60 நொடிப் பேச்சைப் பிடித்துப் புகாரோடு அனுப்பலாம். கால் ஆஃப் டியூட்டியில் அதே வருடம் வாய்ஸ் சாட்டைக் கவனிக்கும் டாக்ஸ்மாட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் எல்லா விளையாட்டிலும் இது இல்லை, அதனால் மோசமாகப் போகிறது என்று தெரிந்ததுமே நீங்களே ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிடுங்கள்.

புகாரை மேட்ச் முடிந்த கையோடு போடுங்கள், அடுத்த நாளைக்குத் தள்ளிப்போட்டால் மேட்ச் ஹிஸ்டரியில் தேட வேண்டியிருக்கும். வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மோசமாக ஆடினான் என்பதற்காகவெல்லாம் 'வசை' என்று புகார் போட்டால் உண்மையான புகார்களுக்கும் மதிப்பு போய்விடும்.

நான் பெண். மைக்கில் ஒரு வார்த்தை பேசினால் போதும், "பொண்ணா?" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகிறார்கள். இப்போது பேசுவதையே நிறுத்திவிட்டேன், பெயரையும் ஆண் பெயர் மாதிரி மாற்றிவிட்டேன். ஆனால் எதிரி எங்கே, என்ன செய்யலாம் என்று என் டீமுக்குக் கால் (call) கொடுக்க முடியாமல் தோற்கிறேன். நான் என்ன செய்யட்டும்? — ஒரு வாசகி

இந்தத் தலைப்பை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வைத்தேன். சகோதரி, நீங்கள் பேசிய விதத்திலோ சொன்ன வார்த்தையிலோ எந்தக் குறையும் இல்லை. ஹேலோ 3 விளையாட்டில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். முன்பே பதிவு செய்த வாக்கியங்களை மேட்சுகளில் ஒலிக்கவிட்டார்கள், சிலவற்றில் ஆண் குரல், சிலவற்றில் பெண் குரல். 2013-ல் வெளிவந்த அந்த ஆய்வில் பெண் குரலுக்கு வந்த மோசமான பேச்சு, ஆண் குரலுக்கு வந்ததைப்போல மூன்று மடங்கு. 2015-ல் அதே விளையாட்டை வைத்து வந்த இன்னொரு ஆய்வு, பெண் குரல் கேட்டதும் அதிகம் சீறியது திறமை குறைந்த ஆண்கள்தான், நன்றாக ஆடுகிறவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்றது. அடுத்த முறை ஒருவன் ஆரம்பித்தால் ஸ்கோர்போர்டில் அவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள்.

பெயரை மாற்றியதும் மைக்கை அணைத்ததும் உங்களைக் காத்துக்கொள்ள நீங்கள் எடுத்த முடிவு, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சோர்வாக இருக்கும் நாளில் அப்படியே ஆடுங்கள். பேச வேண்டும் என்று தோன்றும் நாளில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடும் க்யூவில் தனியாகப் போகாதீர்கள், நம்பிக்கையான இரண்டு பேரோடு பார்ட்டி போட்டு, ஒரே குழுவாகப் போங்கள். ஐந்து பேர் டீமில் மூன்று பேர் உங்கள் ஆட்கள் என்றால் அங்கே நிலவும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இனி சொல்லப் போவது இந்த வாசகிக்கு இல்லை, அதே மேட்சில் மைக்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்த மற்ற மூன்று பேருக்கு. அவர் திட்டு வாங்கியபோது நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். "நமக்கு எதுக்கு வம்பு" என்று இருந்துவிட்டீர்கள். பெரிய பிரசங்கம் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். "விடுப்பா, அவங்க கால் சரியாத்தான் இருக்கு, ஆட்டத்தைப் பாரு." இவ்வளவு போதும். திட்டுகிறவன் அடங்குவானா மாட்டானா என்பது இரண்டாவது விஷயம், திட்டு வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரி கேட்கும். அடுத்த மேட்சிலும் அவர் மைக்கைத் திறப்பாரா என்பது பல சமயம் அதில்தான் இருக்கிறது.

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் 400 பேர் இருக்கும் ஒரு கேமிங் சர்வருக்கு (குழுவுக்கு) நான் அட்மின். எங்களில் மிகத் திறமையான ஆட்டக்காரர்தான் எல்லாரையும் திட்டுகிறார். டைம்அவுட் போட்டு அவரைக் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தால் அவர் நண்பர்கள் "கருத்துச் சுதந்திரம் எங்கே" என்று கிளம்புகிறார்கள். அவர் போனால் டீமே உடையும் என்று பயமாக இருக்கிறது. — ஒரு அட்மின்

உங்கள் பயம் எனக்குத் தெரியும், நானும் ஒரு கில்டில் (சேர்ந்து ஆடும் ஆட்டக்காரர் சங்கத்தில்) சில வருடம் மாடரேட்டராக இருந்தவன். எங்களிடமும் அப்படி ஒருவர் இருந்தார், டீமில் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் ஹீலராக அவருக்கு இணையே இல்லை. ஒருநாள் இரவு, எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை (பாஸ்) வீழ்த்தப் போகும் ரெய்டில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் தப்பான இடத்தில் நின்றதால் மொத்த டீமும் செத்தது. எங்கள் ஹீலர் மைக்கில் சொன்னதை இங்கே எழுத முடியாது. பதினெட்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை, மாடரேட்டரான நானும் திறக்கவில்லை, பாஸ் முடியட்டும் அப்புறம் பேசலாம் என்று நினைத்தேன். அந்தப் புதியவர் சாட்டில் "சாரி" என்று மட்டும் டைப் செய்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது, அதன்பின் அது எரியவே இல்லை. மாதக் கடைசியில் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், தினமும் வந்து அமைதியாக ஆடிவிட்டுப் போகும் இன்னும் நாலு பேரையும் காணோம். ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. அவர் போனால் டீம் உடையும் என்கிறீர்களே, அவர் இருப்பதால் யார் யார் போனார்கள் என்று உங்கள் பட்டியலைத் திறந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? முதலில் திட்டு வாங்கியவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். "பார்த்தேன், நடவடிக்கை எடுக்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" நாம் எல்லாரும் திட்டியவரோடு மணிக்கணக்கில் வாதாடுகிறோம், வாங்கியவரை யாரும் கேட்பதில்லை. அப்புறம் விதியை ஒரே வரியில் எழுதுங்கள்: ஆட்டத்தைக் குறை சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. "அங்கே நின்றது தப்பு" சரி, "நீ ஒரு தண்டம்" கூடாது. சாதி, மதம், நிறம், பாலினம், மிரட்டல் வந்தால் எச்சரிக்கையே கிடையாது, நேராக நிரந்தரத் தடை. மற்றவற்றுக்குத் தனியாக ஒரு வார்த்தை, பிறகு ஒரு மணி நேர டைம்அவுட், பிறகு ஒரு வாரம் (டிஸ்கார்டின் டைம்அவுட் பட்டியலில் அதிகபட்சம் அதுதான்), பிறகு வெளியே. சேம்பியனுக்கும் நேற்று வந்தவருக்கும் அதே வரிசை. ஒவ்வொன்றையும் மாடரேட்டர்கள் மட்டும் பார்க்கும் சேனலில் தேதியோடு எழுதி வையுங்கள், மெசேஜை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அழித்துவிட்டு அப்புறம் ஆதாரம் தேடி அலைந்த இரவுகள் எனக்கு உண்டு.

தண்டிக்கும்போது எந்த வரிக்காக என்று அந்த வரியையே காட்டிச் சொல்லுங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸை நடத்தும் ரயட் நிறுவனம், காரணத்தைச் சொல்லித் தடை செய்தால் சொல்லாமல் தடை செய்வதைவிட அதிகம் பேர் திருந்துகிறார்கள் என்று கண்டது. அதே விளையாட்டில் எதிர் டீமோடு பேசும் சாட்டை அடியோடு தடுக்காமல், வேண்டுமென்றால் நீங்களே போய்த் திறந்துகொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் அணைத்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மோசமான பேச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நல்ல பேச்சு கிட்டத்தட்ட அதே அளவு கூடியது, சாட்டைப் பயன்படுத்தியவர்களின் அளவு பெரிதாக மாறவே இல்லை. உங்கள் சர்வரிலும் மேட்ச் முடிந்த சூட்டில் கொதிக்கும் சேனல் எது என்று உங்களுக்கே தெரியும். அதில் ஸ்லோமோட் போடுங்கள், ஒரு மெசேஜுக்கும் அடுத்ததற்கும் முப்பது நொடி இடைவெளி இருந்தால் பாதிச் சண்டை பற்றவே பற்றாது.

கருத்துச் சுதந்திரம் கேட்பவர்களிடம் பொதுச் சேனலில் வாதாடாதீர்கள். அவர்களுக்கும் சர்வர் திறக்கத் தெரியும், திறந்து என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

கெட்ட வார்த்தை ஃபில்டர் இருந்தும் எப்படித் திட்டுகிறார்கள்? மொத்தமாகத் தடுக்க முடியாதா?

முடியாது. ஒரு எழுத்தை எண்ணாக மாற்றினால் போதும், நம் மொழியை ஆங்கில எழுத்தில் அடித்தால் பல ஃபில்டர்களுக்குப் புரியவே புரியாது. இறுக்கிப் பிடித்தால் அப்பாவிகள் மாட்டுவார்கள். 1996-ல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஃபில்டர், இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்கவிடவில்லை. பேச்சையே குறைத்தாலும் வழி கண்டுபிடிப்பார்கள்: ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் எதிராளியோடு பேச ஆறே ஆறு வாக்கியங்கள்தான் கொடுத்தார்கள். "நன்றாக ஆடினீர்கள்" என்பதையே ஆட்டத்தின் நடுவில் போட்டுச் சீண்டினார்கள். எனக்குப் பிடித்தது ஓவர்வாட்ச் செய்தது: தோற்றவர்களை மட்டம் தட்ட "ஜிஜி ஈசி" (நல்ல ஆட்டம், ரொம்பச் சுலபம்) என்று அடித்தால், டைப் செய்தவரையே சிறுபிள்ளையாகக் காட்டும் வேறு வாக்கியம் திரையில் வரும்.

என் 13 வயது மகன் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு யாரையோ "செத்துப் போடா" என்று கத்துவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். வீட்டில் அவன் அதிர்ந்துகூடப் பேச மாட்டான். விளையாட்டையே பிடுங்கிவிடலாமா? — ஒரு தாய்

அம்மா, பிடுங்க வேண்டாம், இப்போதைக்கு. வீட்டில் அமைதியானவன் அங்கே கத்துவதில் மர்மம் ஒன்றும் இல்லை. முகம் தெரியாது, பெயர் தெரியாது, எதிரில் இருப்பவன் அழுதாலும் தெரியாது. இணையத்தில் மனிதர்களின் கட்டு ஏன் அவிழ்கிறது என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் எழுதியபோது இந்தக் காரணங்களைத்தான் விரிவாகச் சொன்னார். அதோடு, ஆட்டக்காரர்கள் கூடும் அந்த லாபியில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அங்கே அதுதான் சாதாரணப் பேச்சு என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான்.

ஒரு மாலை அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், இரண்டு மேட்ச் முழுக்கக் கேளுங்கள். நடுவில் திட்டாதீர்கள், நடுவில் அணைக்கவும் அணைக்காதீர்கள், அப்படி அணைத்தால் டீமை விட்டு ஓடியதாகக் கணக்கு வந்து அவனுக்குத் தண்டனை விழும், அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறாது. முடிந்ததும் அவன் சொன்ன ஒரு வரியை மட்டும் எடுத்து, இதைச் சத்தமாக என் முகத்தைப் பார்த்துச் சொல் என்று கேளுங்கள். முடியாது. அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். அவனை யாராவது அப்படிச் சொல்கிறார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வாங்கியதைத்தான் பல பிள்ளைகள் திருப்பிக் கொடுக்கிறார்கள், வாங்கியதை வீட்டில் சொல்லமாட்டார்கள். அமைப்புகளில் சாட்டை 'நண்பர்கள் மட்டும்' என்று வைத்துவிடுங்கள், அவனுக்குத் தெரிந்தே வையுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் முதலில் மைக்கை எடுங்கள், விளையாட்டை அல்ல.

மேட்சில் தோற்றவன் ஒருவன் என் நிஜப் பெயரையும் நான் இருக்கும் பகுதியையும் சொல்லி, வீட்டுக்கு வருவேன் என்கிறான். சும்மா மிரட்டுகிறானா?

சும்மாவா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது இல்லை, அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் போடாதீர்கள். பெயர், ஐடி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ப்ரொஃபைல் லிங்கைச் சேமியுங்கள், எல்லாவற்றையும் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். விளையாட்டு நிறுவனத்துக்கு 'மிரட்டல்' என்ற வகையிலேயே புகார் போடுங்கள், போலீஸிலும் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விளையாட்டில் வைத்திருக்கும் அதே பெயரை மற்ற தளங்களிலும் வைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் உள்ளே வருகிறார்கள். எல்லா இடத்திலும் பாஸ்வேர்டை மாற்றி, பொதுவில் இருக்கும் படங்களையும் விவரங்களையும் மூடுங்கள்.

நீங்கள் எல்லாரும் பேசும் அந்த 'திட்டுகிறவன்' நான்தான். 34 வயது. ஒரு மாதத் தடையோடு நான் அனுப்பிய வரிகளையும் அனுப்பியிருந்தார்கள். என் மனைவி பக்கத்தில் இருந்தபோது திறந்தேன், உடனே மூடிவிட்டேன். நான் மோசமானவனா? அவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா? — பெயர் வேண்டாம்

இப்படி ஒரு கடிதம் எழுதத் துணிவு வேண்டும், அதற்கு முதலில் நன்றி. ரயட் நிறுவனம் தன் சாட் பதிவுகளை அலசியபோது, வசையில் பெரும்பகுதி எந்நேரமும் திட்டுகிறவர்களிடமிருந்து வரவில்லை, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடிவிட்டு ஒரு மோசமான நாளில் வெடிக்கிற சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். ஆனால் வாங்கியவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, உங்களுக்கு மோசமான நாள் என்பதும் தெரியாது.

அந்த வரிகளை மறுபடி திறந்து, எந்த நேரத்தில் அனுப்பியவை என்று பாருங்கள். எத்தனையாவது தோல்விக்குப் பிறகு, இரவு எத்தனை மணிக்கு? என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மூன்றாவது தோல்வியும் நடுராத்திரியும்தான். இரண்டு தோற்றதும் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை முடிந்த முதல் மாதம் உங்கள் சாட்டை நீங்களே அணைத்துவிட்டு பிங்கை மட்டும் வைத்து ஆடுங்கள்.

மன்னிப்பு கேட்கலாம், அவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்து, மெசேஜ் அனுப்பும் வழியும் இன்னும் திறந்திருந்தால். இரண்டு வரி போதும். நான் இன்ன நாளில் இப்படிச் சொன்னேன், அது தப்பு, மன்னியுங்கள். வேலை டென்ஷன், தூக்கமில்லை என்றெல்லாம் சேர்க்காதீர்கள், பதிலையும் எதிர்பார்க்காதீர்கள். அவர் உங்களை பிளாக் செய்திருந்தால் வேறு கணக்கு தொடங்கிப் போய்க் கேட்கக் கூடாது. அந்தக் கதவை அவர் மூடியிருக்கிறார், மூடியே இருக்கட்டும்.

மறுபடி மைக்கைத் திறக்கும் நாளில் உங்கள் டீமில் வேறொருவன் இன்னொருவரைத் திட்ட ஆரம்பிப்பான், கண்டிப்பாக நடக்கும். அப்போது சொல்ல வேண்டியது அந்த வாசகிக்கான பதிலில் இருக்கிறது.